லென்ஸ் போட்டால் ஓயாமல் கண் சிமிட்டுவது ஏன்?

கேட்டவருக்கு வயது 27. வங்கியில் பணம் வாங்கிக் கொடுக்கும் கவுன்ட்டரில் வேலை. கண்ணாடியில் இரு கண்ணுக்கும் மைனஸ் 4.50, இடது கண்ணுக்கு மட்டும் கூடுதலாக 0.75 சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் தேவைப்படும் பவர். மாதம் ஒரு முறை மாற்றும் மென்லென்ஸை (மென்மையான கான்டாக்ட் லென்ஸ்) காலை எட்டு மணிக்குப் போட்டு இரவு ஒன்பது, பத்துக்குக் கழற்றுகிறார். சில மாதங்களாகக் கண்களை ஓயாமல் சிமிட்டுகிறாராம். வாடிக்கையாளர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா நரம்புத் தளர்ச்சி என்கிறார். மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டால் இரண்டு நாள் அடங்குகிறது, பிறகு பழையபடி. சிமிட்டாமல் அடக்கிப் பார்த்தால் கண்ணீர் வழிகிறது. இது லென்ஸாலா நரம்பாலா, எப்படி நிறுத்துவது, பேசாமல் கண்ணாடிக்கே திரும்பிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

லென்ஸ் பொருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: சிமிட்டலை அடக்கும் முயற்சியை இன்றோடு விட்டுவிடுங்கள். சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்களுக்கு நடுவே உண்மையான நளனைத் தமயந்திக்குக் காட்டிக்கொடுத்த அடையாளங்களில் ஒன்று அவன் கண் இமைத்தது. இமைக்காமல் இருப்பது தேவர்களுக்கே முடியும். நமக்குக் கருவிழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம் சில நொடிகளில் ஆவியாகி மெலிகிறது, மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியை உணர்வதற்கென்றே கருவிழியில் நரம்பு முனைகள் இருக்கின்றன. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக அடர்ந்த இடங்களில் கருவிழியும் ஒன்று. அங்கிருந்து செய்தி மூளைத் தண்டுக்குப் போக, முக நரம்பு வழியாகக் கட்டளை வந்து இமை மூடுகிறது. அதாவது உங்கள் இமை யாரோ இட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வேலையை இடுவது யார் என்று தேடுவதுதான் வைத்தியத்தின் பெரும்பகுதி. தேடாமல் சிமிட்டலை மட்டும் நிறுத்தப் பார்த்தால், நீங்கள் கண்டது போலக் கண்ணீர் வழியும்.

உண்மையிலேயே அதிகமாகச் சிமிட்டுகிறீர்களா என்பதையும் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைப்போம். பேசும்போது அது 25-ஐத் தாண்டுவதும் இயல்பு. படிக்கும்போது 4, 5 என்று இறங்கிவிடும். நீங்கள் நாள் முழுவதும் ஆட்களோடு பேசுகிறவர். பேச்சு முடிந்ததும் கணினித் திரையைப் பார்ப்பீர்கள், அப்போது இமைப்பு குறையும். அடுத்த வாடிக்கையாளரிடம் நிமிரும்போது, காய்ந்துபோன லென்ஸை நனைக்கக் கண் படபடவென்று அடித்துக்கொள்ளும். எதிரில் நிற்பவருக்குத் தெரிவது அந்தப் படபடப்பு மட்டுமே. உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாராவது இரண்டு நிமிடம் கைபேசியில் படம் பிடிக்கட்டும், ஒரு நாள் லென்ஸோடு, ஒரு நாள் கண்ணாடியோடு. எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று அதில் தெரியும்: மேல் இமை கீழ் இமையைத் தொடுகிறதா, பாதி வழியில் திரும்பிவிடுகிறதா? அடிக்கடி சிமிட்டுகிறவர்களில் கணிசமானோர் அரைகுறையாகத்தான் சிமிட்டுகிறார்கள். அதனால் லென்ஸின் கீழ்ப்பாதி நனைவதே இல்லை, கண் மறுபடி கேட்கிறது, மறுபடி பாதிச் சிமிட்டல்.

லென்ஸ் போட்டால் இந்தத் தொல்லை ஏன் கூடுகிறது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். கண்ணீர்ப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மென்லென்ஸின் நடுப்பகுதித் தடிமன் பெரும்பாலும் 70 முதல் 100 மைக்ரான். தன்னைவிடப் பல மடங்கு தடித்த ஒரு பொருள் நடுவில் புகுந்து கண்ணீரை மேலொரு படலம், கீழொரு படலம் என்று பிரித்துவிடுகிறது. மேலே இருப்பது மிக மெல்லியது. அதன் மீதுள்ள எண்ணெய்ப் பூச்சும் சரியாகப் பரவாது. வெறும் கண்ணில் பத்து நொடிக்கு மேல் நிற்க வேண்டிய படலம் லென்ஸின் மேல் அதைவிடச் சீக்கிரம் கிழிகிறது. ஆகவே லென்ஸ் அணிபவர் சற்றுக் கூடுதலாகச் சிமிட்டுவதில் வியப்பில்லை. பிறர் கேட்கும் அளவுக்குப் போனால்தான் ஆராய வேண்டும்.

ஆராய்ச்சியை வீட்டிலேயே தொடங்கலாம். லென்ஸைக் கழற்றுங்கள், எவ்வளவு நேரத்தில் சிமிட்டல் குறைகிறது என்று கவனியுங்கள். கழற்றிய சில நிமிடங்களில் நின்றுவிட்டால் பிழை லென்ஸில், அதன் பொருத்தத்தில் அல்லது பவரில். ஓரிரு நாளில் மெல்லக் குறைந்தால் கண்ணின் மேற்பரப்பில்: உலர்வு, ஒவ்வாமை, லென்ஸ் திரவம், இமையின் உட்புறம். இரண்டு வாரம் கண்ணாடியோடு இருந்தும் துளியும் குறையவில்லை என்றால்தான் அம்மா சொல்லும் நரம்புப் பக்கம் பார்க்க வேண்டும். அப்போதும் கடும் கண் உலர்வு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான். இந்த ஒரு சோதனை பாதி விடையைத் தந்துவிடும். இதைச் செய்யாமலே பத்துவிதச் சொட்டு மருந்தை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

லென்ஸ்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். போட்ட நொடியிலிருந்தே உறுத்துகிறதா? உள்வெளி மாறியிருக்கலாம். விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் சரியான லென்ஸ் கிண்ணம் போல நிற்கும், புரண்ட லென்ஸின் விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருக்கும். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம், டப்பா மூடியில் சிக்கித்தான் பெரும்பாலும் கிழியும். கையில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கோ மிளகாய்க் காரமோ இருந்திருக்கலாம். மிளகாய் நறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் காரம் முழுதாகப் போவதில்லை. அது லென்ஸில் ஏறினால் அந்த லென்ஸைத் தூக்கிப் போடுவதே நல்லது. சந்தேகம் இருந்தால் லென்ஸைக் கழற்றி, திரவத்தில் தேய்த்து அலசி மறுபடி போடுங்கள். உறுத்தல் போய்விட்டால் அது தூசி. கழற்றிய பிறகும் கண் குத்துகிறது என்றால் கருவிழியில் கீறல் இருக்கலாம், மறுபடி லென்ஸ் போடக் கூடாது.

மாறாக, காலையில் சுகமாக இருந்து மாலையில் தொல்லை கூடினால் உலர்வு, படிவு, இறுக்கம் மூன்றையும் பார்க்க வேண்டும். கழற்றிய பின் வெள்ளை விழியில் வளையமாகத் தடம் தெரிந்தால் லென்ஸ் இறுக்கம். மென்லென்ஸ் ஒவ்வொரு இமைப்புக்கும் கால் மில்லிமீட்டர் அளவாவது நகர வேண்டும். அப்போதுதான் அதன் அடியில் தேங்கிய கழிவு வெளியேறும். அதிகம் நகர்ந்தால் விளிம்பு இமையில் இடிக்கும். லென்ஸ் பெட்டியின் மேல் 8.4, 8.6 என்று போட்டிருப்பது அதன் உள்வளைவின் அளவு. கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று வேறொரு பிராண்டை நீட்டினால் வாங்காதீர்கள். எண் ஒன்றாக இருந்தாலும் பொருளும் விளிம்பு வடிவமும் மாறினால் கண்ணில் உட்காரும் விதமே மாறிவிடும்.

மாத லென்ஸ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முப்பது தடவை போடலாம் என்று கணக்கு வைத்து, வாரம் மூன்று நாள் மட்டும் போட்டு, அதையே மூன்று மாதம் ஓட்டுகிறார்கள். அந்த லென்ஸின் உறையைப் பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம் என்பதே கணக்கு. டப்பாவில் கிடந்தாலும் அதற்கு வயதாகிறது. கண்ணீரிலுள்ள புரதமும் கொழுப்பும் லென்ஸில் படியும், ஹைட்ரோஜெல் என்ற பழைய வகை லென்ஸ் பொருளில் புரதம் அதிகம், புதிய வகையான சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் கொழுப்பு அதிகம். மூன்றாவது, நான்காவது வாரத்தில் மட்டும் சிமிட்டல் கூடி, புது லென்ஸ் போட்டதும் குறைகிறதா என்று நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள். அப்படியென்றால் படிவுதான் குற்றவாளி, தினசரி மாற்றும் லென்ஸுக்கு மாறினால் தீர்ந்துவிடும்.

லென்ஸ் தவறிவிட்டது, கீழே விழுந்திருக்கும் என்று நினைத்துப் புதியதைப் போட்டுக்கொண்ட அனுபவம் உண்டா? பழையது மேல் இமைக்குள் மடிந்து கிடக்கக் கூடும். கண்ணுக்குப் பின்னால் போய்விடாது, அங்கே வழியில்லை. ஆனால் மேல் இமையின் ஆழத்தில் தங்கும். 2017-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் குறிப்பின்படி, இங்கிலாந்தில் 67 வயதுப் பெண் ஒருவருக்குக் கண்புரை அறுவைக்கு ஏற்பாடு செய்தபோது ஒரே கண்ணிலிருந்து 27 லென்ஸ்களை எடுத்தார்கள். முதலில் 17 ஒட்டிய ஒரு கட்டி, பிறகு இன்னும் 10. அவர் 35 ஆண்டுகளாக மாத லென்ஸ் அணிந்தவர். உறுத்தலை வயதின் மேலும் கண் உலர்வின் மேலும் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். ஒரே கண்ணில் மட்டும் உறுத்தல் என்றால் மேல் இமையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்க இது போதுமான காரணம்.

அடுத்தது பவர். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது இடது கண்ணின் 0.75 சிலிண்டர்தான். சாதாரண லென்ஸில் சிலிண்டருக்குத் திருத்தம் கிடையாது. பல இடங்களில் அதில் பாதியை மைனஸில் சேர்த்துச் சமாளிப்பார்கள். சிறிய அளவுக்கு அது ஓடும். நாள் முழுவதும் ரூபாய் நோட்டின் எண்ணையும் காசோலைக் கையெழுத்தையும் பார்க்கிறவருக்கு 0.75 சிறிய அளவில்லை. இடது கண்ணில் எழுத்துகளின் ஓரம் நிழலாடும், மூளை அதைத் தெளிவாக்கச் சொல்லும், நீங்கள் சிமிட்டுவீர்கள். லென்ஸோடு ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படித்துப் பாருங்கள். இடதில் மட்டும் மங்கலாக இருந்து, இமையை இடுக்கினால் தெளிந்தால் சிலிண்டர் லென்ஸ் தேவைப்படலாம். அதற்கு டோரிக் என்று பெயர். அது கண்ணில் ஒரே திசையில் நிலைத்து நிற்க வேண்டும், சுழன்றால் பார்வை மங்கும். ஆகவே பொருத்திய பிறகு சுழற்சியை விளக்கு நுண்ணோக்கியில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வாங்கிப் போட்டுக்கொள்ளும் சரக்கு அல்ல அது.

மங்கல் வரும் நேரமும் துப்பு தரும். சிமிட்டியதும் தெளிந்து, சில நொடியில் மங்கினால் உலர்வோ படிவோ இறுக்கமோ இருக்கலாம். சிமிட்டியதும் மங்கிப் பிறகு தெளிந்தால் லென்ஸ் தளர்வாக அலைகிறது.

கண்ணாடியின் பவரை அப்படியே லென்ஸுக்கு எழுதிவிடுவதும் நடக்கிறது. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே. மைனஸ் 4.50 லென்ஸில் 4.25 ஆகும். உங்கள் வயதில் அந்தக் கால் பவர் பெரிய சுமையில்லை. மைனஸ் 8 அணிபவருக்கு வித்தியாசம் 0.75, அதைத் திருத்தாமல் விட்டால் அருகில் பார்க்கும்போது கண் திணறும். நாற்பதை நெருங்குகிற கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியில் சுகமாகப் படித்துவிட்டு லென்ஸில் தடுமாறுவதற்கும் இந்த இடைவெளியே காரணம்.

இனி லென்ஸ் திரவம். போட்ட உடனே எரிச்சல், பத்து நிமிடத்தில் அடங்குகிறது என்றால் அதிலுள்ள கிருமிநாசினி உங்கள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகிக்கலாம். அண்மையில் பிராண்டை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பாதுகாப்புப் பொருள் இல்லாத ஹைட்ரஜன் பெராக்சைடு முறை இத்தகையவர்களுக்கு நல்ல மாற்று. 3 சதவீதக் கரைசல், அதற்கென்று வரும் தனி டப்பாவில் குறைந்தது 6 மணி நேரம் கிடந்து வெறும் நீராக மாற வேண்டும். நேராகக் கண்ணில் பட்டால் துடிதுடித்துப் போவீர்கள். டப்பாவில் பழைய திரவத்தின் மேலேயே புதிதை ஊற்றுவது, ‘தேய்க்கத் தேவையில்லை’ என்று புட்டியில் எழுதியிருப்பதை நம்பி அலசாமல் விடுவது, டப்பாவை வருடக்கணக்கில் வைத்திருப்பது எல்லாம் சிமிட்டலில் தொடங்கி இன்னும் மோசமான இடத்தில் முடியும். மூன்று மாதத்துக்கு ஒரு டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மாடித் தொட்டி நீராக இருந்தாலும் சுத்திகரித்த குடிநீராக இருந்தாலும் அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி இருக்க வாய்ப்புண்டு. அது கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் வைத்தியம்.

இமையின் உட்புறத்துக்கு வருகிறேன். பலர் தவறவிடும் இடம் இதுதான். மேல் இமையின் விளிம்பை ஒட்டி, கண்ணீரை விழியில் பரப்பும் ஒரு குறுகிய பட்டை இருக்கிறது. லென்ஸ் உலர்ந்தால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை இந்தப் பட்டை அதன் மேல் உரசித் தேய்கிறது. 2002-இல் டொனால்ட் கார்ப் என்ற அமெரிக்க லென்ஸ் நிபுணரின் குழு இந்தத் தேய்மானத்தைத் தனிக் கோளாறாக விவரித்தது. கருவிழி பார்க்க நன்றாக இருக்கும், கண் சிவப்பே இருக்காது, ஆனாலும் மண் விழுந்தது போல உறுத்தும். சாயச் சொட்டு விட்டு இமையைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். கண்ணில் குற்றமே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு இதுதான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று ஒவ்வாமை சார்ந்தது. லென்ஸில் படிந்த புரதத்தாலும் விளிம்பின் உராய்வாலும் மேல் இமையின் உட்புறத்தில் சிறுசிறு கொப்புளம் போன்ற மேடுகள் எழும்பும். அரிப்பு, காலையில் நூல் போன்ற பீளை, லென்ஸ் மேலே இழுபடுவது இதன் அடையாளம். லென்ஸைக் கழற்றியதும் அரிப்பு கூடுவதும் உண்டு. வைத்தியம் எளிது, பொறுமைதான் தேவை. சில வாரம் லென்ஸை நிறுத்த வேண்டும், மருத்துவர் தரும் ஓலோபடடின் போன்ற ஒவ்வாமைச் சொட்டு மருந்தைப் போட வேண்டும், திரும்பும்போது தினசரி லென்ஸாகத் திரும்ப வேண்டும். மேடுகள் முழுதாக மறையப் பல மாதம் ஆகலாம், உறுத்தல் அதற்கு முன்பே போய்விடும்.

பெரும்பாலானவர்களுக்கு, உங்களுக்கும் அநேகமாக, கதை உலர்வில்தான் முடியும். பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் லென்ஸ், தலைக்கு மேல் ஏசி, எதிரே திரை. வீடு திரும்புவது இரு சக்கர வண்டியில் என்றால் எதிர்க்காற்றும் சேரும். ஏசியின் காற்று முகத்தில் படாமல் தகட்டைத் திருப்புவது, திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குவது, ஹெல்மெட்டின் கண்ணாடியை மூடிக்கொள்வது ஆகியவை செலவில்லாதவை, உடனே பலன் தருபவை. திரை தாழ்ந்தால் இமை தாழும், ஆவியாகும் பரப்பு குறையும். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் மிச்சமாகும் அந்த மூன்று, நான்கு மணி நேரம் எந்தச் சொட்டு மருந்தும் தராத பலனைத் தரும்.

எண்ணெய்ச் சுரப்பிகளையும் மறக்கக் கூடாது. மேல் இமையில் முப்பதுக்குப் பக்கத்திலும் கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் வரிசையாக இருக்கும் நுண்சுரப்பிகள்தான் கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைத் தருகின்றன. இமை முழுதாக மூடும்போது அவை அழுத்தப்பட்டு எண்ணெய் கசியும். பாதிச் சிமிட்டலில் கசிவது குறைவு, தேங்கி உறையும், வாய் அடைபடும். இமையின் உள் விளிம்பில் தீட்டும் கண்மை செய்வதும் இதையே. மை தீட்ட ஆசையிருப்பவர்கள் இமை முடிகளுக்கு வெளியே தீட்டட்டும், லென்ஸைப் போட்ட பிறகு தீட்டட்டும். அடைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் நல்ல வைத்தியம், பெரும்பாலோர் செய்யும் விதம்தான் போதாது. துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மறுபடி மறுபடி நனைத்துப் பத்து நிமிடமாவது சூட்டை நிறுத்தி, பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல வருட வேண்டும். லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான். மீன் எண்ணெய் மாத்திரை பற்றிக் கேட்பவர்களுக்கு: 2018-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் உலர்கண்ணுக்கு அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட மேலான பலன் எதையும் தரவில்லை.

விளக்கெண்ணெய், பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எல்லாம் ஊரில் கண்ணில் விடப்படுகின்றன. லென்ஸ் அணிபவர் எதையும் விடக் கூடாது. நந்தியாவட்டைப் பூவை மூடிய கண் மேல் வைத்துக் குளிர்ச்சி தேடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சளிக்கும் அலர்ஜிக்கும் மாத்திரை போடுகிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை கண்ணை உலர்த்தும். குறிப்பாக முதலாவது எண்ணெய்ச் சுரப்பிகளையே வற்றவைக்கும். அதைச் சாப்பிடும் மாதங்களில் லென்ஸ் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம்.

சிமிட்டலுக்குப் பயிற்சியும் உண்டு. கண்ணை மெதுவாக மூடி இரண்டு நொடி வைத்திருங்கள், இலேசாக அழுத்தி இன்னும் இரண்டு நொடி, பிறகு திறங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளில் நான்கைந்து தடவை. கவுன்ட்டரில் ஆள் மாறும் இடைவெளி இதற்குப் போதும். முழுச் சிமிட்டல் பழகினால் எண்ணிக்கை தானாகக் குறையும். காரணம் தீர்ந்த பிறகும் பழக்கமாகச் சில வாரம் சிமிட்டல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதற்காக அஞ்ச வேண்டாம்.

இப்போது அந்த மருந்துக் கடைச் சொட்டு மருந்து. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். ‘போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது’ என்பது ஸ்டீராய்டு கலந்த மருந்துக்கு அப்படியே பொருந்துகிறது. புட்டியை எடுத்துப் படியுங்கள். டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெதோலோன், லோட்டிபிரெட்னால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அருமையான மருந்து. தானாக வாங்கி மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு அழியும், கண்புரையும் வரும். லென்ஸ் அணிபவருக்கு இன்னோர் ஆபத்து: கிருமி புகுந்தாலும் சிவப்பையும் வலியையும் மறைத்துவிடும். நாஃபசோலின் என்று இருந்தால் அது சிவப்பை மட்டும் வெளுக்கும், விட்டதும் சிவப்பு இரட்டிப்பாகத் திரும்பும். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பாதுகாப்புப் பொருள் இருந்தால் மென்லென்ஸ் அதை உறிஞ்சி நாள் முழுவதும் கருவிழியில் கசியவிடும். லென்ஸோடு விடத் தகுந்தது பாதுகாப்புப் பொருள் சேராத செயற்கைக் கண்ணீர் மட்டுமே. சோடியம் ஹயலுரோனேட், கார்பாக்ஸிமீதைல் செல்லுலோஸ் என்று இருக்கும், லென்ஸுக்கு உகந்தது என்றும் எழுதியிருக்கும். மற்றவற்றை விட்டால் கால் மணி நேரம் கழித்தே லென்ஸ்.

நரம்புக்கு வருவோம். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஊரில் சொல்வது எந்தக் கண் நோய்க்கும் பெயரல்ல, அம்மாவிடம் மென்மையாகச் சொல்லிவிடலாம். நரம்பு சார்ந்த சிமிட்டல் வேறு உண்டு. இரு கண்ணும் இறுக மூடிக்கொண்டு திறக்க மறுக்கும் இமை இறுக்க நோய் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல், பெண்களுக்கு அதிகமாக வருகிறது. வெயிலில் கூடும், பாடினாலோ எதையாவது மென்றாலோ சிலருக்குத் தணியும். அதற்கு இமைத் தசையில் போடும் பொட்டுலினம் ஊசிக்கு 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பலன் மூன்று மாத அளவு நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் கண்ணும் வாயோரமும் சேர்ந்து இழுத்தால் அது வேறு, பெரும்பாலும் இரத்தக் குழாயொன்று முக நரம்பை அழுத்துவதால் வருவது. நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழ் இமை மட்டும் சுருக்கு சுருக்கென்று துடித்தால் தூக்கக் குறைவும் காபியும்தான், துடிக்கும் கண் இடதா வலதா என்று பலன் பார்க்க வேண்டியதில்லை. சில மனநல மருந்துகளாலும் கட்டுக்கடங்காத சிமிட்டல் வரலாம், அவற்றைத் தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். 27 வயதில், லென்ஸோடு தொடங்கி, அடக்கினால் கண்ணீர் வழிகிற சிமிட்டல் இந்த வரிசையில் சேர்வதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, பார்வை மங்கி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள், லென்ஸையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு. கிருமி எது என்று அவற்றிலிருந்தும் கண்டுபிடிக்கலாம். பகலில் மட்டும் மென்லென்ஸ் அணிபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 2 முதல் 4 பேருக்குக் கருவிழித் தொற்று வருகிறது, போட்டபடி தூங்குகிறவர்களில் அது 20-ஐ எட்டுகிறது. பகல் தூக்கமும் தூக்கம்தான். மெட்ராஸ் ஐ வந்த வீட்டில் கண் தெளியும் வரை லென்ஸ் கிடையாது, பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதில்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: இரண்டு வாரம் கண்ணாடி, அந்தச் சொட்டு மருந்து நிறுத்தம். அது ஸ்டீராய்டு என்றால், பல வாரம் தொடர்ந்து விட்டிருந்தால், இரண்டு வாரம் காத்திருக்காமல் இந்த வாரமே கண் மருத்துவரிடம் போய் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். அங்கே லென்ஸோடு ஒரு முறையும் லென்ஸ் இல்லாமல் ஒரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள், மேல் இமையைப் புரட்டச் சொல்லுங்கள். கண்ணீர் நிற்கும் நேரத்தையும், தாள் பட்டை வைத்துக் கண்ணீரின் அளவையும் பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் தாள் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் கண்ணீர் போதவில்லை. மஞ்சள் சாயம் விட்டால் அது மென்லென்ஸில் ஏறிவிடும், நன்றாகக் கழுவிய பிறகே லென்ஸ். எல்லாம் சரியாக இருந்தால் வலதுக்கு 4.25 சாதாரண தினசரி லென்ஸ், இடதுக்குத் தினசரி டோரிக், நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். செலவு மாத லென்ஸைவிடக் கூடும். திரவமும் டப்பாவும் மிச்சமாவதால் நினைக்கும் அளவுக்கு இல்லை. தினமும் கட்டுப்படியாகாது என்றால் வேலை நாளில் கண்ணாடி, விசேஷத்துக்கு லென்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். நிறம் மாற்றும் அலங்கார லென்ஸை மட்டும் அந்த விசேஷத்துக்கும் தவிர்த்துவிடுங்கள், சாயம் மேற்பரப்பில் இருக்கும் வகைகள் இமையை இன்னும் உரசும்.

கண்ணாடிக்கே திரும்பலாமா என்றால், தாராளமாக. அதில் தோல்வி எதுவும் இல்லை. லேசர் சிகிச்சையால் இரண்டையும் ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் அவசரப்பட வேண்டாம். லேசிக்கில் கருவிழியின் நரம்பு இழைகள் வெட்டுப்படுவதால் சில மாதங்களுக்கு உலர்வு கூடும். உலர்ந்த கண்ணோடு உள்ளே போனால் இன்னும் உலர்ந்த கண்ணோடு வெளியே வருவீர்கள். முதலில் இமைச் சுரப்பிகளைச் சரிசெய்துகொண்டு, மென்லென்ஸைக் குறைந்தது ஒன்றிரண்டு வாரம் நிறுத்திவிட்டு, அதன் பிறகு கருவிழியை அளக்கச் சொல்லுங்கள்.